பிறந்த வீட்டுக் கோடி

அக்கா,

வெளியே சொன்னால் மானம் போகும். உன்னிடம் மட்டும் சொல்கிறேன். நேற்று புதுச்சேரியிலிருந்து வில்லியனூர் வரைக்கும் வலது கையில் ஒரு நீலக் கையுறையோடு பஸ்ஸில் வந்தேன். கழற்ற மறந்துவிட்டேன். கண்டக்டர் டிக்கெட்டை அந்தக் கையில் வைத்து, "இன்னா பெரியவரே, ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுதா?" என்றான். பஸ்ஸே சிரித்தது. ஊரையெல்லாம் கிண்டல் செய்கிறவனுக்கு வேண்டியதுதான்.

வீட்டுக்கு வந்து கழற்றினால் கையெல்லாம் பலூன் ரப்பர் வாடை. போன வருஷம் உன் கையிலும் இதே வாடைதான் அடித்தது.

பத்திரிகை வைக்க நீ நேரில் வராமல் உன் மருமகனை அனுப்பினாய் என்று முறுக்கிக்கொண்டு, உன் மகன் கல்யாணத்தில் தாய்மாமனாகக்கூட நிற்காதவன் நான். அதற்கப்புறம் உன் ஊர் செலியமேட்டுப் பக்கமே தலை வைக்கவில்லை. பேச்சு விட்டுப்போன இரண்டு வீட்டையும் உன் மகள்தான் ஒரே வேனில் ஏற்றினாள். "மியூசியத்துல எகிப்து காலத்துச் சாமானெல்லாம் கையிலயே குடுக்கறாங்களாம் மாமா. குடும்பத்தோட வரணுமாம். நீங்களும் வந்துதான் ஆவணும்."

அங்கே சாமானைத் தொடுவதற்கு முன்னால் கையுறை மாட்டியதும் என்னை ஏற இறங்கப் பார்த்தாய். "இன்னாடா, மாட்டுக்குப் பிரசவம் பாக்கற டாக்டர் மாதிரி இருக்கறே?" அத்தனை நாள் கழித்து நீ என்னிடம் பேசிய முதல் பேச்சு அது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. காட்டிக்கொள்ளவில்லை.

சின்னப் பொம்மை, வண்டு செதுக்கின கல், பாசிமணி என்று ஒவ்வொன்றாகக் கை மாறி வந்தது. கடைசியில் ஒரு தட்டில் உள்ளங்கை அகலத்துக்குப் பழுப்புத் துணி. செத்துப் பல ஆயிரம் வருஷமான ஒரு பொம்பளையின் உடம்பில் சுற்றியிருந்ததாம். ஆளாளுக்குத் தொட்டுவிட்டுத் தள்ளிப் போனார்கள். நீ மட்டும் செருப்பை ஓரமாகக் கழற்றிவிட்டு வந்தாய். ஒரே விரலால் தடவிப் பார்த்துவிட்டு, நடத்துகிற பெண்ணிடம் கேட்டாய்: "இது பொறந்த வூட்டுக் கோடியாம்மா? யாரு எடுத்தாந்தது?"

அந்தப் பெண் வாயைத் திறப்பதற்குள் நான் திறந்தேன். "அந்தம்மாவுக்கு யாரோ எடுத்தாந்துட்டாங்க. உனக்கு வருமான்னு பாரு மொதல்ல!"

கூடம் முழுக்கச் சிரிப்பு. நீயும் சிரித்தாய். சிரித்தபடியே தட்டைப் பக்கத்து ஆளிடம் நகர்த்தினாய். அப்பாவும் அம்மாவும் போன பிறகு, கடைசியில் உனக்குக் கோடிப் புடவை போர்த்தப் பிறந்த வீடு என்றால் நான் ஒருத்தன்தான். தெரிந்தேதான் சொன்னேன் அக்கா.

திரும்பும்போது வேனில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாய். "வெளையாட்ட விடுடா. நீ எடுத்தாருவே இல்ல?"

"பாப்போம்க்கா. அன்னிக்கு வேலை இல்லன்னா வரேன்."

நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். "வரேன்" என்று மட்டும் சொல்லியிருக்கலாம். அதற்கு என்ன படிப்பா வேண்டும்?

நேற்று நான் மியூசியத்துக்குப் போனது அதனால்தான். இந்த வருஷமும் நடத்துகிறார்கள் என்றார்கள். அதே பெண், அதே தட்டு. செருப்பைக் கழற்றிவிட்டு, நீ கேட்டதை அப்படியே கேட்டேன். எவனும் குறுக்கே பேசவில்லை. நான்தான் வாயை மூடியிருந்தேனே.

"புதுத்துணி ரொம்பக் கம்மிங்க சார்," என்றாள். "வீட்ல கட்டி நைஞ்ச துணி, போர்வை எல்லாத்தையும் சேத்து வெச்சிருப்பாங்க. அதைத்தான் நீளநீளமாக் கிழிச்சுச் சுத்துவாங்க."

அன்றைக்கு உனக்குக் கிடைத்திருக்க வேண்டிய பதில். என் கையுறைக்குள்ளும் அந்தத் துணியின் சொரசொரப்பு தெரிந்தது. இப்போதெல்லாம் யாரையாவது கிண்டல் செய்ய வாயெடுத்தால், "எடுத்தாருவே இல்ல?" என்று நீ கேட்டதுதான் முன்னால் வந்து நிற்கிறது. பாதிக் கிண்டலை விழுங்கிவிடுகிறேன். மனைவி எனக்கு உடம்பு சரியில்லை என்று நினைக்கிறாள்.

எடுத்து வந்தேன் அக்கா. ஆடியில் நீ போன சேதி வந்ததும் வில்லியனூர்க் கடைத்தெருவுக்கு ஓடி, கையில் அகப்பட்ட நல்ல புடவையாக எடுத்துக்கொண்டு செலியமேட்டுக்கு வந்தேன். நானே உனக்குப் போர்த்தினேன். நெஞ்சுக்கு நேரே ஆடித் தள்ளுபடிச் சீட்டு ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினேன். பாதி வந்தது. நேரமாகிறது என்றார்கள். மீதியோடு தூக்கினோம்.