எங்கள் மாடி நைஜீரியாக்காரன்

நெமிலிச்சேரி
16.6.2024

அன்பு மகள் ரெனிதாவுக்கு அம்மா எழுதுவது.

போனில் பேசினால் மூன்றாவது நிமிஷமே சண்டை வருகிறது, எழுதினால் யோசித்து எழுதுவோம் என்று நீதான் சொன்னாய். ஆயுசு முழுக்கப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவளுக்கு எழுதக் கசக்குமா? நான் காகிதத்தில் எழுதுகிறேன், அப்பா போனில் படம் பிடித்து அனுப்புகிறார். எழுத்து மங்கலாகத் தெரிந்தால் அது அவர் கை நடுக்கம், என் கையெழுத்து இல்லை.

உன்னோடு வேலை பார்க்கும் கெல்வினின் தம்பி வெள்ளிக்கிழமை வந்து சேர்ந்தான். ரெனி, நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கெல்வின் என்று பேர் எழுதினாய், அயர்லாந்தில் வேலை என்றாய். நாங்கள் வெள்ளைக்காரப் பையன் என்று நினைத்து மாடி ரூமுக்குப் பெயிண்ட் அடித்து, புதுக் கட்டில் போட்டு, அப்பா ஆவடி வரை போய் ரொட்டி சுடுகிற மெஷின்கூட வாங்கிவந்தார். ஆட்டோவிலிருந்து இறங்கிய கறுப்புப் பையனைப் பார்த்ததும் வீடு மாறி வந்துவிட்டான் என்றே நினைத்தேன். எதிர்வீட்டு விஜி வாசலிலேயே நின்றிருந்தாள். "இன்னா ஆன்ட்டி, நைஜீரியாக்காரனுக்கா ஊடு உட்டுகீறீங்க?" என்று தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி கேட்டாள்.

பையன் மரியாதைக்காரன், அதை மறைக்கக் கூடாது. பேர் மோசஸ். ஒரு கையால் மற்ற கையைத் தாங்கிக்கொண்டு, முழங்காலை லேசாக மடக்கித்தான் எங்களுக்குக் கை கொடுத்தான். வேதத்தைப் பெட்டியில் மேலாகவே வைத்திருந்தான். அவன் படிக்கப்போகிற காலேஜுக்கும் இங்கிருந்து பஸ் வசதி இருக்கிறது. கூட்டாளிகள் வரக்கூடாது, பாட்டு சத்தம் கூடாது என்று சொல்லிவிட்டேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினான்.

குளிர் பிடிக்காமல் பார்த்துக்கொள். உன் பேர் வராத ஜெபம் இந்த வீட்டில் கிடையாது.

உன் அம்மா,
ஞானகுமாரி


கார்க், அயர்லாந்து
23.6.2024

அன்புள்ள அம்மாவுக்கும் அப்பாவுக்கும் ரெனிதாவின் ஸ்தோத்திரம்.

மோசஸ் நைஜீரியா இல்லை அம்மா, ஜாம்பியா. இரண்டுக்கும் நடுவில் பல நாடுகள் இருக்கின்றன. விஜி அக்காவிடமும் சொல்லுங்கள். நான் முன்பே சொல்லாததற்குக் காரணம், சொன்னால் வேண்டாம் என்பீர்கள்.

இங்கே நாங்கள் வேலை பார்க்கும் முதியோர் ஹோமில் ஒரு கிழவர் இருக்கிறார். போன வாரம் அவர் புண்ணுக்கு மருந்து வைக்கப் போனேன். "உங்கள் ஊரில் கையால்தானே கழுவுவீர்கள், அந்தக் கையால் என்னைத் தொடாதே" என்றார். எனக்குப் பதிலாகக் கெல்வின் போனான். அவனிடம், நீங்கள் குதிரை மாதிரி உழைக்கப் பிறந்தவர்கள் என்று பாராட்டினாராம். கெல்வின் சிரித்தான். பிறகு துணி வைக்கிற அறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் தனியாக நின்றான்.

அவன் ஊரில் இந்தியர்கள் கடை வைத்திருக்கிறார்களாம். மீதிச் சில்லறையைக் கையில் தரமாட்டார்களாம், கல்லா மேஜையில்தான் வைப்பார்களாம். இந்தியர்கள் என்றால் அவனுக்கு அதுதான் ஞாபகம் வரும். உன் வீட்டிலும் அப்படியா என்று கேட்டான். இல்லை என்று சொன்னேன்.

மோசஸை ஒரு நாள் நம் வீட்டுக்குள் கூப்பிட்டுச் சோறு போடுங்கள் அம்மா. எனக்காக.

அன்பு மகள்,
ரெனிதா


நெமிலிச்சேரி
11.8.2024

அன்பு மகளுக்கு,

அந்தக் கிழவன் சொன்னதைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. என் பிள்ளையின் கையைப் பற்றிப் பேச அவன் யார்? வெள்ளைக்காரர்கள் எல்லாருமே அப்படித்தான் கண்ணு. காகிதத்தில் துடைக்கிற ஜனம் நம் கையைக் குறை சொல்கிறது. பெற்றவர்களை ஹோமில் தள்ளிவிட்டு நாயைக் கட்டிலில் படுக்கவைப்பார்கள். அவர்களிடம் வேறென்ன எதிர்பார்ப்பது?

நீ கேட்டபடி மோசஸுக்கு ஒரு ஞாயிறு சாப்பாடு போட்டேன். தட்டு மட்டும் தனியாக வைத்திருக்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே, அந்த நாடுகளில் என்னென்ன வியாதியோ. மீன்குழம்பை விரலால் வழித்துச் சாப்பிட்டான். என்னை அம்மா என்று கூப்பிடக் கற்றுக்கொண்டிருக்கிறான். கேஸ் சிலிண்டரை ஒற்றைக் கையில் தூக்கி வைக்கிறான், அவர்கள் உடம்பு வாகு அப்படி. சாயங்காலமானால் அப்பா மாடிக்குப் போய்விடுகிறார். அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனி வேலையில் பழகிய இங்கிலீஷை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் செஸ் ஆடிச் சிரிக்கிறார்கள்.

ஆனால் எனக்குத்தான் இடி. அவன் ஏதோ சின்னக் கருவாட்டை வதக்குகிறான், தெருவுக்கே நாற்றம். நாமும் கருவாடு சமைக்கிறோம், ஆனால் அது வேறு இல்லையா? சர்ச்சில் அவன் குரலெடுத்துப் பாடினால் எல்லாரும் திரும்பிப் பார்க்கிறார்கள். அவன் உட்காரும் பெஞ்சில் மற்றவர்கள் உட்காருவதில்லை. இங்கிலீஷ் ஆராதனை இருக்கிற வேறு சர்ச்சுக்குப் போ என்று நானே சொல்லிவிட்டேன். சரி அம்மா என்றான். முகம் வாடித்தான் போயிற்று, என்ன செய்ய?

காலனி சங்கத்துக் கங்காதரன் வீட்டுக்கே வந்தார். "டீச்சர், நீங்க நல்லவங்க. ஆனா இவனுங்க கஞ்சா இல்லாம இருக்க மாட்டானுங்க. நாளைக்கு ஒண்ணுன்னா நீங்கதான் பதில் சொல்லணும்" என்றார். அவர் சொன்னதற்காகக் கேட் பூட்டை மாற்றிவிட்டேன். மோசஸிடம் புதுச் சாவி கொடுக்கவில்லை. வந்தால் குரல் கொடு, நான் திறக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அவனும் தினம் அம்மா, அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டு நிற்கிறான்.

உன் அம்மா,
ஞானகுமாரி


நெமிலிச்சேரி
22.9.2024

அன்பு மகளுக்கு,

நாங்கள் நலம். மோசஸ் ரூமைக் காலி செய்துவிட்டான். காலனியில் சின்னத் தகராறு, நீ ஒன்றும் மனதில் போட்டுக்கொள்ளாதே. மாடி இனி காலியாகவே இருக்கட்டும், நிம்மதி. வேப்பம்பட்டிலிருந்து ஒரு நல்ல சம்பந்தம் வந்திருக்கிறது. படம் அடுத்த தடவை அனுப்புகிறேன்.

அம்மா


கார்க்
24.9.2024

அம்மாவுக்கு,

மோசஸ் காலி செய்யவில்லை. ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். தாடை உடைந்திருக்கிறது. இடது கண்ணுக்கு ஆபரேஷன் செய்திருக்கிறார்கள். கெல்வின் டிக்கெட்டுக்கு அலைந்துகொண்டிருக்கிறான்.

மோசஸ் கேட்டில் நின்று உங்களைக் கூப்பிட்டதாகக் கெல்வினுக்குப் போனில் எழுதியிருக்கிறான். நீங்கள் உள்ளே வராண்டாவில் நின்று பார்த்ததாகவும் எழுதியிருக்கிறான். அடிபட்டவன் குழம்பிப்போய்ச் சொல்கிறான், என் அம்மா அப்படிப்பட்டவர் இல்லை என்று கெல்வினிடம் சொன்னேன். நான் சொன்னது சரிதானே?

இன்னொன்றும் சொல்லவேண்டும். கெல்வின் என்னோடு வேலை பார்க்கிறவன் மட்டும் இல்லை. ஜனவரியில் கல்யாணம் செய்துகொள்வது என்றிருக்கிறோம். தம்பியோடு பழகினால் அண்ணனை ஒத்துக்கொள்வீர்கள் என்று நம்பித்தான் அவனை உங்களிடம் அனுப்பினேன். இல்லாவிட்டால் மற்றப் பிள்ளைகளோடு காலேஜ் ஹாஸ்டலில் பத்திரமாக இருந்திருப்பான்.

உடனே பதில் எழுதுங்கள்.

ரெனிதா


நெமிலிச்சேரி
29.9.2024

ரெனிதாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு உன் அப்பா எழுந்து வெளியே போனார். நான் உட்கார்ந்து எழுதுகிறேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், உன் கெல்வினுக்கும் படித்துக் காட்டு.

அன்று பள்ளிக்கூடம் விட்டு வெகுநேரம் ஆகியும் விஜியின் பெண் காவ்யா வீட்டுக்கு வரவில்லை. தெருவே கூடிவிட்டது. வெளிநாட்டுக்காரர்கள் பிள்ளை பிடிக்கிறார்கள் என்று ஏதோ ஒரு வீடியோ எல்லார் போனிலும் ஓடியது. முந்தின நாள் மோசஸ் அந்தப் பிள்ளைக்குச் சாக்லேட் கொடுத்ததை விஜி பார்த்திருக்கிறாள். "அவன்தான் தூக்கிகினு போயிருப்பான்" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அந்த நேரம் பார்த்து அவன் பஸ் ஸ்டாப்பிலிருந்து பையை மாட்டிக்கொண்டு நடந்து வந்தான்.

பிள்ளை எங்கே என்று கேட்டார்கள். தமிழில் கேட்டால் அவனுக்கு என்ன தெரியும்? சிரித்தான். அந்தச் சிரிப்புக்குத்தான் முதல் அடி விழுந்தது. ஓடிவந்து நம் கேட்டைப் பிடித்துக்கொண்டான். "அம்மா, கேட். அம்மா, ப்ளீஸ், கேட்" என்றான். அம்மா என்பது மட்டும்தான் அவனுக்குத் தெரிந்த தமிழ்.

சாவி என் கையில் இருந்தது. திற என்று உன் அப்பா சொன்னார். நான் திறக்கவில்லை. என் விரலைப் பிரித்துச் சாவியை எடுக்கப் பார்த்தார், விடவில்லை. திறந்தால் அத்தனை பேரும் உள்ளே வருவார்கள். பிள்ளையை இவர்கள்தான் ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்பார்கள். நாளைக்கும் நான் இந்தத் தெருவில்தான் இருக்கவேண்டும். அதோடு, மறைக்காமல் சொல்கிறேன், அவன்தான் தூக்கியிருப்பானோ என்று எனக்கும் தோன்றியது.

காவ்யா அடுத்த தெருவில் சிநேகிதி பிறந்தநாளுக்குப் போயிருக்கிறாள். அவள் வந்து நின்றபோது இவன் விழுந்து கிடந்தான். கூட்டம் கலைந்துவிட்டது. ஆம்புலன்ஸ் வரும்வரை உன் அப்பாதான் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். போலீஸ் வந்து கேட்டபோது, அடி விழுந்த நேரத்தில் சமையலறையில் இருந்தேன், ஒன்றும் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டேன்.

போதுமா? இப்போது நான் கேட்கிறேன். அந்தப் பையனை வைத்து என்னைப் பரீட்சை பார்க்கச் சொன்னது யார்? நீ உண்மையைச் சொல்லியிருந்தால் வேண்டாம் என்றிருப்பேன், அவன் இந்த ஊர்ப் பக்கமே வந்திருக்கமாட்டான். அவன் கண்ணுக்கு நீயும் பதில் சொல்லவேண்டும்.

கெல்வினைக் கட்டிக்கொண்டால் உன் பிள்ளைகள் எந்த நிறத்தில் பிறக்கும் என்று யோசித்தாயா? அந்தப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் எந்தச் சர்ச்சுக்குப் போவேன்? அப்படி ஒரு பேரப்பிள்ளைக்குப் பதிலாக எனக்குப் பேரப்பிள்ளையே இல்லாமல் இருக்கட்டும். இதைத்தான் இனி ஜெபத்தில் கேட்பேன்.

ஞானகுமாரி


கார்க்
3.11.2024

அம்மாவுக்கு,

கெல்வின் சென்னைக்கு வந்து மோசஸைக் கூட்டிக்கொண்டு ஊரில் விட்டுவிட்டுத் திரும்பினான். கண்ணைப் பற்றி இப்போது ஒன்றும் சொல்லமுடியாது, வீக்கம் வற்றிய பிறகுதான் தெரியும் என்று சென்னை ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்களாம். அப்பா தினமும் ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி கொண்டுவந்ததையும் சொன்னான். மோசஸ் அவர் கையைப் பிடித்துக்கொண்டே படுத்திருப்பானாம். உங்களைப் பற்றி ஒன்றும் பேசவில்லையாம்.

கெல்வின் உங்கள் கடிதத்தைக் கேட்டான். ஒவ்வொரு வரியாக இங்கிலீஷில் சொன்னேன். கடைசிப் பாராவுக்கு முன்னால் நிறுத்திக்கொண்டேன். அவன் போனை வாங்கிப் பார்த்தான். "தாளில் இன்னும் எழுத்து இருக்கிறதே" என்றான். அதையும் சொன்னேன்.

மறுநாள் அவன் அம்மா என்னிடம் போனில் பேசினார். திட்டவில்லை. "நீ நல்ல பெண்ணாகவே இருக்கலாம் மகளே. ஆனால் உங்கள் ஜனத்தை நாங்கள் வெகுகாலமாகப் பார்க்கிறோம். நீ கொடுக்கிற தண்ணீரை என் பிள்ளை குடிப்பதை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது" என்றார். நான் என் அம்மா இல்லை என்று கத்தினேன். எல்லா இந்தியர்களும் அப்படி இல்லை என்று கத்தினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு வைத்துவிட்டார். அவருக்கு நான் இந்தியாக்காரி, அவ்வளவுதான்.

கெல்வின் டப்ளினில் வேலை தேடிக்கொண்டு போய்விட்டான். "நீ வேறு என்று எனக்குத் தெரியும். ஆனால் நாம் சண்டை போடுகிற அன்றைக்கெல்லாம் உன் முகத்தில் உன் அம்மாவைத் தேடுவேன். அது உனக்கு வேண்டாம்" என்றான். பெட்டியை நான்தான் தூக்கிக்கொண்டு பஸ் வரை போனேன்.

உங்கள் ஜெபம் கேட்கப்பட்டுவிட்டது. இனி எனக்கு எழுதவேண்டாம்.

ரெனிதா


நெமிலிச்சேரி
26.1.2025

அன்பு மகள் ரெனிதாவுக்கு,

கிறிஸ்மஸுக்கு முன்னால் எழுதினேன், புதுவருஷத்துக்கு எழுதினேன், பதில் இல்லை. போனையும் எடுப்பதில்லை. இந்தக் கடிதத்தைப் படம் பிடிக்க உன் அப்பா முடியாது என்றுவிட்டார். தபாலில் போடுகிறேன். அவர் மாடிக்குக் குடிபோய்விட்டார், சாப்பாட்டுக்கு மட்டும் கீழே வருகிறார்.

கோபம் ஆறும் கண்ணு. கர்த்தர் உன்னை ஒரு பெரிய குழியிலிருந்து தூக்கிவிட்டார், அது இன்றைக்கு உனக்குப் புரியாது. விஜி நம்மோடு முன்னைவிட நெருக்கமாக இருக்கிறாள், பண்டிகைக்குக் கேக் கொடுத்தனுப்பினாள். தெருவில் யாரும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை. வேப்பம்பட்டுப் பையன் பேர் ஷெர்வின், கனடாவுக்குப் போகப்போகிறான், நம் சபைதான், நல்ல நிறம். படம் இதோடு வைத்திருக்கிறேன். உன் விஷயம் அவர்களுக்கு ஒன்றும் தெரியாது, நானும் சொல்லவில்லை.

ஒன்று மட்டும் கேட்கவேண்டும். உன் அப்பாவிடம் கேட்டேன், அவருக்குத் தெரிந்தும் சொல்லமாட்டேன் என்கிறார். அந்தப் பையனுக்கு அந்தக் கண் தெரிகிறதா? தெரிந்தால் ஒரே ஒரு வரி எழுது. தெரியவில்லை என்றால் எழுதவேண்டாம்.

பதிலை எதிர்பார்த்து,
உன் அம்மா
ஞானகுமாரி