என் இடத்தில் இன்னொரு நோவாக்

1985 அக்டோபர் 20, ஞாயிறு

நான் சாகவில்லை. ஊரில் தேவாலயக் கதவிலும் ரொட்டிக்கடைச் சுவரிலும் கறுப்புக் கரை போட்டு ஒட்டியிருக்கும் அறிவிப்பு பிழையானது. "லியோகாடியா நோவாக், விதவை, எழுபத்து நான்காம் வயதில் ஆண்டவரில் இளைப்பாறினார்." பெயர் சரி. விதவை என்பதும் சரி. வயது தவறு, எனக்கு எழுபத்தேழு. இளைப்பாறவும் இல்லை. போஸ்னான் நகரத்தில், என் மகன் ரோமனின் வீட்டில், லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் நாலாம் மாடியில், உடைந்து கூடிக்கொண்டிருக்கும் இடுப்பெலும்போடு உட்கார்ந்திருக்கிறேன்.

வியாழக்கிழமை தந்தி வந்தபோது வீட்டில் வேறு யாரும் இல்லை. நானே கையெழுத்துப் போட்டு வாங்கினேன். பிறர் பெயருக்கு வந்ததைப் பிரிக்கக் கூடாது என்று கன்னியர் மடத்துப் பள்ளியில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ஆனால் தந்தி என்றால் சாவாகத்தான் இருக்கும் என்று பிரித்தேன். சாவுதான். தாயாரின் மறைவுக்கு அனுதாபம், அடக்கத்துக்கு நீங்கள் வர முடியாமல் போனதில் வருத்தம் என்று எங்கள் ஊர் நோட்டரி ரோமனுக்கு அனுப்பியிருந்தார்.

நேற்று ரோமன் ஊருக்குப் போய் விசாரித்து வந்தான். மாவட்ட ஆஸ்பத்திரியில் இன்னொரு லியோகாடியா நோவாக் இறந்திருக்கிறாள். ஆகஸ்டில் நான் விழுந்ததும் என்னைக் கொண்டுபோனது அங்கேதான். அங்கிருந்து ரோமன் என்னை நேராக இங்கே அழைத்து வந்தது ஊரில் யாருக்கும் தெரியாது. ஆஸ்பத்திரியிலிருந்து எங்கள் தேவாலயத்துக்கு போன் செய்து, இந்தப் பெயர்க்காரி உங்கள் பங்கைச் சேர்ந்தவள்தானே என்று கேட்டிருக்கிறார்கள். புதிதாக வந்த பங்குச்சாமியார் ஆமாம் என்றிருக்கிறார். பெட்டி ஆணியடித்தே வந்திருக்கிறது. யார் திறந்து பார்க்கப் போகிறார்கள்?

"விடும்மா, இனிமே நூறு வயசு இருப்ப" என்று ரோமன் சிரித்தான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அக்டோபர் 23, புதன்

அந்தப் பெண்ணை எங்கே அடக்கம் செய்தார்கள் என்று சாப்பாட்டு மேசையில் கேட்டேன். ரோமன் உருளைக்கிழங்கை மசித்துக்கொண்டே இருந்தான். இரண்டாம் முறை கேட்டேன். மருமகள் ஹலினாதான் கடைசியில் சொன்னாள்.

"மாமா பக்கத்துலதான் அத்தை. உங்க எடத்துல."

அக்டோபர் 24, வியாழன்

நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை. இன்று ஒழுங்காக எழுதுகிறேன்.

ஆறு வருடத்துக்கு முன் என் கணவர் தெயோஃபில் இறந்தபோது இரட்டைக் கல்லறையாகத்தான் கட்டச் சொன்னேன். இடது பக்கம் அவர், வலது பக்கம் நான். கல்லில் அவர் பெயருக்குக் கீழே என் பெயரையும் பிறந்த வருடத்தையும் அப்போதே வெட்டச் சொல்லி, கடைசித் தேதிக்கு மட்டும் இடம் விட்டேன். எங்கள் பக்கத்தில் விதவைகள் எல்லாரும் செய்வதுதான் இது. ஒவ்வொரு வருடமும் கல்லறைத் திருநாளில் அவரவர் பெயரை அவரவரே துடைத்து, மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வீட்டுக்கு வந்து சூப் குடிப்போம். பயமாக இருக்காதா என்று நகரத்துக்காரர்கள் கேட்பார்கள். பயம் எதற்கு? போய்ச் சேர ஓர் இடம் இருக்கிறது என்று தெரிந்தவளுக்கு என்ன பயம்.

பங்குச்சாமியார் கல்லைப் பார்த்தாராம். பெயர் இருக்கிறது, தேதி இல்லை. திறக்கச் சொல்லிவிட்டார். கல்தச்சர் வந்து தேதியையும் வெட்டிவிட்டுப் போய்விட்டார். கல்லின்படி நான் அக்டோபர் எட்டாம் தேதி இறந்துவிட்டேன்.

என் வீட்டைப் பூட்டிச் சாவியை ரோமன் வைத்திருக்கிறான். குளிர்காலம் முடியும்வரை என்கிறான். போன மாதம் கிறிஸ்துமஸ்வரை என்று சொன்னான். மண்ணுக்கு மேலே என் இடம் பூட்டிக் கிடக்கிறது, கீழே இருந்த இடத்துக்கும் ஆள் வந்தாயிற்று. நான் எங்கே போவது?

நவம்பர் 1, வெள்ளி

கல்லறைத் திருநாளுக்காக எல்லாரும் கல்லறைகளுக்குப் போயிருக்கிறார்கள். ஜன்னலிலிருந்து பார்த்தால் டிராம் முழுக்கச் செவ்வந்திப் பூ. என்னை நாலு மாடி இறக்கி ஏற்ற ஆள் இல்லை என்று ரோமன் சொல்லிவிட்டான்.

அந்தப் பெண்ணை எனக்குத் தெரியும். இதை நான் இன்னும் வீட்டில் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில். நர்ஸ் வந்து "நோவாக், லியோகாடியா" என்றால் இரண்டு பேரும் திரும்புவோம். கடைசியில் என்னை ஜன்னல் நோவாக் என்றும் அவளைக் கதவு நோவாக் என்றும் கூப்பிட ஆரம்பித்தார்கள். அவள் அரசாங்கப் பண்ணையில் பன்றிகளைப் பார்த்துக்கொண்டிருந்தவள். பெரிய கைகள். என்னை 'அக்கா' என்றாள். அப்படிக் கூப்பிட நான் சொல்லவில்லை.

"ரெண்டு பேருக்கும் ஒரே பேரு. அப்ப நாம சொந்தமாக்கா?" என்று ஒருநாள் கேட்டாள்.

இல்லை என்று விளக்கினேன். நோவாக் என்றால் புதிதாக வந்தவன். எங்கிருந்தோ ஒருவன் வந்து ஒரு கிராமத்தில் குடியேறுவான், ஊர்க்காரர்கள் அவனைப் புதியவன் என்பார்கள், அவன் பிள்ளைகளுக்கும் அதுவே ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒருவன் வராத கிராமம் கிடையாது. அதனால்தான் போலந்தில் வேறெந்தக் குடும்பப் பெயரையும்விட இது அதிகம். நோவாக்குகளை இணைப்பது ரத்தம் அல்ல, எல்லாருடைய முன்னோரும் எங்கிருந்தோ வந்தவர்கள் என்பது மட்டும்தான். எனக்குமே அது கல்யாணத்தில் வந்த பெயர். பிறந்த வீட்டில் நான் துர்ஸ்கா, பழைய பெரிய குடும்பத்துப் பெயர். "துர்ஸ்காவைக் கொண்டுபோய் நோவாக்கில் கரைத்துவிட்டாயே" என்று மடத்துத் தலைமை மதர் கல்யாணத்தன்றே வருத்தப்பட்டார்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "எனக்கு சரியாத்தான் வச்சிருக்காங்கக்கா. அனாதை ஆசிரமத்துல நான் போன அன்னிக்கு பேரு தெரியல. புதுசா வந்தவதானேன்னு நோவாக்னு எழுதிட்டாங்க. அப்புறம் எந்தப் பண்ணைக்கு மாத்தினாலும் அங்கயும் நான்தான் புதுசு."

கல்யாணமே ஆகாதவள். அறிவிப்பில் விதவை என்று போட்டிருக்கிறார்கள். அதுவும் என்னுடையது.

நவம்பர் 3, ஞாயிறு

அவளை எடுத்து வேறு இடத்தில் வைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன். சுகாதார அலுவலகம் அனுமதி கொடுக்கும். குளிர்மாதங்களில் மட்டும்தான், விடியற்காலையில்தான். எல்லாம் எனக்குத் தெரியும். உரிமைக்காரி நான் கையெழுத்துப் போட வேண்டும், போடுகிறேன்.

ரோமனுக்கு முகம் சிவந்துவிட்டது. ஊரே பேசும் என்றான். "தபால் ஆபீஸ் டெலிபோன் புத்தகத்துல நோவாக் மட்டும் எத்தன பக்கம்னு ஹலினாவக் கேளு. இந்தக் கட்டடத்துலயே மூணு வீடு. இதுல யாரு எந்த நோவாக்னு யாரும்மா பாக்கப் போறா?"

கல்லறையில் பார்ப்பார்கள் என்றேன். அதற்குத்தானே கல்லில் பெயர் வெட்டுவது.

பங்குச்சாமியாருக்கு எழுதச் சொன்னேன். எழுதுகிறேன் என்றான்.

நவம்பர் 11, திங்கள்

மார்ட்டின் திருநாள். கசகசா ரொட்டிக்கு வரிசையில் நின்று ஹலினா இரண்டு வாங்கி வந்தாள். ஒன்று எனக்கு, மற்றதைப் பாதியாக்கி அவர்கள் இருவரும். சாப்பிட்டேன். நன்றாக இல்லை என்று பொய் எழுத மாட்டேன்.

நவம்பர் 19, செவ்வாய்

பதில் வரவில்லை. தினமும் கேட்கிறேன். தபால் மெதுவாகத்தான் வரும் என்கிறான் ரோமன். ஹலினா தபால் ஆபீசில் வேலை செய்பவள், அவள் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுகிறாள்.

இன்று வாக்கரைப் பிடித்துக்கொண்டு கதவைத் திறந்து மாடிப்படிவரை போனேன். ஒரு படி இறங்கினேன். இரண்டாவது படியில் வலி. கீழ்வீட்டுக்காரி பார்த்துவிட்டு, "அய்யோ பாட்டிம்மா, உள்ள போங்க. உங்க பையன் என்னத்தான் திட்டுவாரு" என்றாள்.

பாட்டிம்மாவாம்.

சாயங்காலம் ரோமன் கதவின் மேல்பக்கம் ஒரு தாழ்ப்பாள் பொருத்தினான், வெளியிலிருந்தும் சாவியால் போடலாம். எனக்கு எட்டாத உயரம். என் நல்லதுக்காம்.

டிசம்பர் 1, ஞாயிறு

சலோமேயா வந்தாள். தெயோஃபிலின் தங்கை. கதவிலேயே என் கன்னங்களைப் பிடித்துப் பார்த்துவிட்டு அழுதாள். எனக்காக ஏற்கெனவே நன்றாக அழுதாகிவிட்டதாம், இப்போது அந்த அழுகையைத் திருப்பி வாங்க முடியாதாம். வாத்துக் கொழுப்பும் பிளம் ஜாமும் கொண்டுவந்திருந்தாள்.

கல்லில் ஒரு வருடம், அறிவிப்பில் ஒரு வயது, யாரும் கேட்கவில்லையா என்று கேட்டேன்.

"நான் பாத்தேன் அண்ணி. அண்ணி இத்தன வருஷமா வயசக் கூட்டிச் சொல்லி எல்லாரையும் மெரட்டிருக்காங்க போலன்னு நெனச்சேன்."

ரோமனுக்குச் சாமியார் சொல்லி அனுப்பியிருப்பார் என்று இவள் நினைத்திருக்கிறாள், இவள் சொல்லியிருப்பாள் என்று அவர் நினைத்திருக்கிறார். அடக்கத்துக்கு ஊரில் பாதி வந்ததாம். மருந்துக்கடை நோவாக்கின் மனைவி என்று, தெயோஃபிலிடம் மருந்து வாங்கியவர்கள் எல்லாரும். தீயணைப்புக்காரர்கள் கொடியோடு வந்தார்களாம். சந்தோஷப்படுவதா வேண்டாமா என்று தெரியவில்லை.

பிறகு அவள் சொன்னது. அடக்கம் நடந்து ஆறு வாரம் கழித்து, பூசை முடிந்து வந்தபோது, எங்கள் கல்லறைக் கம்பிவேலிக்கு வெளியே நாலைந்து பண்ணைப் பெண்கள் நின்றிருக்கிறார்கள். பண்ணையில் போட்டிருந்த ரப்பர் பூட்ஸோடு அப்படியே பஸ் ஏறி வந்தவர்கள். எங்கள் லியோகாடியாவை எங்கே கொண்டுபோனார்கள் என்று ஆஸ்பத்திரியில் சண்டை போட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்தார்களாம். மெழுகுவத்தியைக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே வராமல் நிற்கிறார்கள். என்னவென்று சலோமேயா கேட்டிருக்கிறாள்.

"பெரிய வீட்டுக் கல்லறையா இருக்கும்மா. நாங்க வைக்கலாமா? அவ இங்கதான் இருக்காளா, இல்ல எடுத்துடுவாங்களா?"

"நீ என்ன சொன்ன?" என்று சலோமேயாவைக் கேட்டேன்.

"எடுக்க மாட்டாங்கன்னு சொன்னேன் அண்ணி. நீங்கதான் எழுதிட்டீங்களே."

நான் என்ன எழுதினேன்?

"எங்கம்மாவுக்கு ஆட்சேபம் இல்ல, அப்படியே இருக்கட்டும்னு சொல்றாங்கன்னு ரோமன் சாமியாருக்கு எழுதினானே. போன மாசமே. நல்ல மனசுன்னு சாமியார் பிரசங்கத்துலயே சொன்னாரு."

டிசம்பர் 2, திங்கள்

நான் சொல்லவே இல்லை. சொல்லவே இல்லையே. எடுக்கணும்னு சொன்னேன், இவன் மேசையிலதான் உக்காந்திருந்தான். காது கேக்கலயா அவனுக்கு?

கேட்டேன். மறைக்கவில்லை அவன். "உனக்கு எதுக்கும்மா இந்த வயசுல இதெல்லாம்? நான் பாத்துக்கறேன்" என்றான். வீட்டையும் வசந்தகாலத்தில் விற்றுவிடலாம் என்று நினைக்கிறானாம், நேரம் பார்த்துச் சொல்லலாம் என்று இருந்தானாம்.

"நான் செத்துட்டேன்னு ஊர் நெனச்சுது, அது தெரியாமப் பண்ணின தப்பு. நீ தெரிஞ்சே பண்ற."

எழுந்து பால்கனிக்குப் போய்விட்டான்.

டிசம்பர் 3

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

டிசம்பர் 9, திங்கள்

புனித லியோகாடியாவின் நாள். என் பெயர்த் திருநாள். அவளுக்கும்தான்.

முன்பெல்லாம் இன்று வீடு நிறைய ஆட்கள் இருப்பார்கள். இன்று கேக்கும் ரோமன் வைத்த மூன்று பூவும். கன்னத்தில் முத்தம் கொடுத்தான், வாங்கிக்கொண்டேன். வீட்டைப் பற்றி இருவரும் பேசவில்லை.

மத்தியானம் முழுக்க யோசித்தேன். எடுக்க வேண்டும் என்று நான் உறுதியாக இருந்தால் இப்போதும் முடியும். சட்டம் என் பக்கம். விடியற்காலையில் நாலு ஆள் வந்து, மூடியைத் தூக்கி, கயிறு போட்டு அவளை வெளியே எடுப்பார்கள். கல்லறைத் தோட்டத்தின் கீழ்மூலையில் காலி இடம் இருக்கிறது, அங்கே வைப்பார்கள். அங்கேயும் அவள்தான் புதிது.

யாரும் அவளைக் கேட்கப் போவதில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்தபோதும் கேட்கவில்லை. கேட்காமல் கட்டிலோடு தூக்கி வண்டியில் ஏற்றினால் எப்படி இருக்கும் என்பது எனக்குத் தெரியும். ஆகஸ்டில் ரோமன் 'ஒரு வாரம்தாம்மா' என்றான்.

தெயோஃபில் என்ன சொல்வார்? மருந்துக்கடையில் வரிசையை உடைத்துக்கொண்டு யார் வந்தாலும் முன்னே விடுவார். எனக்கு எரிச்சலாக வரும்.

டிசம்பர் 10, செவ்வாய்

பங்குச்சாமியாருக்கு நானே எழுதினேன். மூன்று முறை திருத்தி, நல்ல மையில். ரோமனிடம் காட்டவில்லை. ஹலினாவைக் கூப்பிட்டுக் கொடுத்தேன். உறையைத் திருப்பிப் பார்த்தாள், கைப்பையில் வைத்துக்கொண்டாள். போகும்போது மேல் தாழ்ப்பாளைப் போடாமல் போனாள்.

நகலை இங்கே எழுதி வைக்கிறேன்.

"மதிப்பிற்குரிய ஃபாதர்,

என் மகன் என் பெயரில் எழுதிய கடிதத்தை நான் எழுதச் சொல்லவில்லை. பிரசங்கத்தில் அதைப் பாராட்டியதைத் திருத்திக்கொள்ள வேண்டுகிறேன்.

என் கணவரின் பக்கத்தில் இருப்பவரை எடுக்க வேண்டாம். இதைச் சொல்வது நான். கல்லில் உள்ள பிறந்த வருடம் என்னுடையது, அதை நீக்கி அவருடையதை வெட்டச் சொல்லுங்கள். அவர் விதவை அல்ல. பண்ணையிலிருந்து வரும் பெண்களை யாரும் கம்பிக்கு வெளியே நிறுத்தக் கூடாது.

கணவரின் இடது பக்கம் நடைபாதை வரை ஓர் ஆளுக்கு இடம் இருக்கும் என்று நினைக்கிறேன். அளந்து பார்த்து அதை எனக்கு ஒதுக்குங்கள். இந்த முறை பெயர் வெட்ட வேண்டாம்.

ஏப்ரலில் நான் என் வீட்டுக்குத் திரும்புகிறேன். வீடு விற்பனைக்கு இல்லை. யாராவது விசாரித்தால் அப்படியே சொல்லுங்கள். அடுப்புப் பற்றவைத்துக் கொடுக்க ஒரு நம்பகமான ஆள் வேண்டும்.

அந்த இடம் கிடைக்குமா, கிடைக்காதா என்பதை எழுத்தில் தெரிவியுங்கள். என் மகனுக்கு அல்ல, எனக்கு.

லியோகாடியா நோவாக்"