குறுமணல் கோவேந்தன் என்று ஒருவர் இல்லை

மேற்குத் தாம்பரம்
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் தீபாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அந்தப் பனியில் வழுக்கி விழாமல் வேளைக்குச் சாப்பிட்டு இருந்தால் அது போதும் எனக்கு. விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், சுற்றி வளைக்க எனக்கு வராது. நம் பொது அறிவுக் கையேட்டில் நீ உண்டாக்கி வைத்தாயே ஒரு எழுத்தாளர், அவரால் நம் பைண்டிங் சவுரிமுத்து மகள் ஜாஸ்மினுக்குக் கிடைக்க வேண்டிய வேலை கை நழுவிவிட்டது. பரீட்சை எழுதினவர்களில் அவள் ஒருத்திதான் உண்மையை எழுதினாள், அதனாலேயே ஒரு மார்க்கில் பின்னால் போனாள். போனில் சொல்லலாம் என்றுதான் பார்த்தேன். நீ ஆபீஸ் கிளம்புகிற அவசரத்தில் சரிம்மா சரிம்மா என்பாய், நான் கத்துவேன், அப்பா போனைப் பிடுங்குவார். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன், நீயும் உட்கார்ந்து படி.

உனக்கு ஞாபகம் இருக்கும், நீ பிளஸ் டூ படிக்கும்போது நூல், ஆசிரியர், கதாபாத்திரம் என்று அந்தப் பகுதியை நாம் மூன்று பேரும் கூடத்தில் உட்கார்ந்து தயார் பண்ணினோம். முந்தின பதிப்பை எவனோ அப்படியே காப்பி அடித்து ஸ்டேஷன் வாசலிலேயே பாதி விலைக்கு விற்றான், என்னுடையது என்று சொல்ல என்னிடம் ஒரு ஆதாரமும் இல்லை. எந்த எழுத்தாளர் எந்தப் புத்தகம் எழுதினார் என்பது ஊருக்கே பொதுவான சங்கதி, அதற்கு நான் எப்படி உரிமை கொண்டாடுவது. அப்போதுதான் நடுவில் ஒரே ஒரு பொய்யை வைக்கலாம் என்று யோசித்தேன், திருடுகிறவன் அதையும் சேர்த்துத் திருடுவான், மாட்டுவான். நீதான் சிரித்துக்கொண்டே சொன்னாய், எழுத்தாளர் குறுமணல் கோவேந்தன், நாவல் ஏழாவது மதகு, அதில் வருகிற மதகுக்காரி பெயர் செம்பவளம் என்று. செம்பவளம் நம் பூனை. அப்பா மட்டும் அப்போதே முகம் சுளித்தார், படிக்கிற பிள்ளைகள் கையில் போகிற புத்தகம் லோகு, வேண்டாம் என்றார். யாரும் கேட்காத ஒரு வரி, இதனால் யாருக்கு என்ன போச்சு என்று நான் அடக்கிவிட்டேன்.

இந்தத் தை மாதம் ஒரு கிரகப்பிரவேசத்துக்குக் கூடுவாஞ்சேரி போனபோது அங்கே மார்க்கெட் பக்கம் ஒரு கடையில் புது கையேடு ஒன்று தொங்கியது. போட்டிருப்பவன் பென்னி, நம்மிடம் சேல்ஸ் பார்த்துவிட்டு மூன்றாம் வருஷம் சொல்லாமல் நின்றானே, அவன்தான். பக்கத்தைப் புரட்டினேன், உட்கார்ந்திருக்கிறாள் செம்பவளம். அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷம் உன் கல்யாணத்தன்றுகூட வரவில்லை என்று அப்பாவிடம் சொன்னேன், அவர் அதற்கும் கோபித்துக்கொண்டார். வக்கீலைப் பார்த்து நோட்டீஸுக்குச் சொல்லிவிட்டு, வசமாக மாட்டினான் என்று நான் நிம்மதியாக இருந்தேன். ஆனால் அதற்குள் அந்த வரி என் கையை விட்டு வெகுதூரம் போய்விட்டிருந்தது.

கூடுவாஞ்சேரிக்கு அந்தப் பக்கம் புதிதாக வந்திருக்கிற ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் நூலகர் வேலைக்குப் பரீட்சை வைத்தார்கள். கேள்வி எடுத்த யாரோ பென்னியின் கையேட்டை வைத்துக்கொண்டு எடுத்திருக்கிறார். மதகுக்காரி செம்பவளம் எந்த நாவலில் வருகிறாள், ஆசிரியர் யார். நம் கையேட்டையோ பென்னியுடையதையோ மனப்பாடம் பண்ணினவர்கள் எல்லாம் டக்கென்று எழுதிவிட்டார்கள். ஜாஸ்மின் மட்டும், இப்படி ஒரு நாவல் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை, நான் படித்த எந்த இலக்கிய வரலாற்றிலும் இல்லை என்று எழுதியிருக்கிறாள். அதற்குப் பூஜ்யம். முதலில் வந்தது ஒரு பையன், நம் கையேட்டைத்தான் படித்தானாம், அவனைக் குற்றம் சொல்ல முடியாது, கேட்டதற்குப் புத்தகத்தில் இருந்ததைச் சொன்னான். இவள் லைப்ரரி சயின்ஸ் முடித்துவிட்டு இரண்டு வருஷமாகத் துணிக்கடையில் பில் போடுகிறாள். அவள் அம்மா இல்லாத வீட்டை அவள்தான் பார்க்கிறாள், சவுரிமுத்துவுக்கு இப்போதெல்லாம் கை நடுங்குகிறது, பம்மல் பட்டறையில் பாதி வேலையை ஆள் வைத்துச் செய்கிறார். இந்த வேலையை எவ்வளவு நம்பியிருந்தாள் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

அவள் நம் கடைக்கு வந்தாள் தீபா. சண்டைக்கு வரவில்லை, அதுதான் எனக்குப் பெரிய கஷ்டம். ஆன்ட்டி, உங்க கையேட்லயும் இந்த நாவல் போட்டிருக்கு, அது எங்க கிடைக்கும்னு சொல்லுங்க, படிக்கணும், லைப்ரரியன் ஆகணும்னு ஆசைப்படறவ இதுகூட தெரியாம இருந்தா வெக்கமா இருக்கு என்றாள். கடையில் அப்போது ஆள் இருந்தார்கள், கோச்சிங் சென்டர் சுந்தரராமன் சார் வேறு பத்து கட்டுக்கு ஆர்டர் எழுதிக்கொண்டு நின்றார். நோட்டீஸ் போகிற வரைக்கும் வாயைத் திறக்காதீர்கள் என்று வக்கீல் சொல்லியிருந்தார். எனக்கு மூளையில் வியாபாரம்தான் ஓடியது. பழைய நாவல்மா, இப்ப அச்சுல இல்ல, கிடைக்கிறது கஷ்டம் என்று சொல்லிவிட்டேன். அவள் தேங்க்ஸ் ஆன்ட்டி என்று சொல்லிவிட்டுப் போனாள். போகும்போது சுந்தரராமன் சார் வேறு, நல்ல பொண்ணு, இந்தக் காலத்துல யாரு இப்படித் தேடறா என்று சர்டிபிகேட் கொடுத்தார். எனக்குக் கல்லாவில் உட்காரவே முடியவில்லை.

அவள் சும்மா விடவில்லை. லீவு போட்டு எழும்பூர் லைப்ரரிக்குப் போனாள், பழைய புத்தகக் கடைகளில் எல்லாம் கேட்டாள், பள்ளிக்கூடத்தில் மறுபரிசீலனைக்கு மனு கொடுத்திருந்தவள் அதையும் திரும்ப வாங்கிக்கொண்டாள், தப்பு என்னுடையதுதான் என்று. இதை சவுரிமுத்துதான் கட்டு இறக்க வந்தபோது பெருமையாகச் சொன்னார், என் பொண்ணு நியாயஸ்தி அண்ணி என்று. அப்பா அப்போது ப்ரூஃப் பார்த்துக்கொண்டிருந்தார். பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார். அதிலிருந்து கடைப் பக்கம் வரவில்லை. சாப்பிடுகிறார், டிவி பார்க்கிறார், மழை பெய்தால் மொட்டை மாடி ஒழுகுகிற இடத்தில் வாளி வைக்கிறார், என்னிடம் மட்டும் பேச்சில்லை. ஒரே ஒரு தரம் சொன்னார். பென்னியைப் பிடிக்கணும்னு கண்ணி வச்ச, மாட்டினது யாருன்னு பாரு என்றார்.  

சரி, போய் நேரே சொல்லிவிடுவது என்று பள்ளிக்கூடத்துத் தாளாளரைப் பார்க்கப் போனேன். அபிதகுஜாம்பாள் அம்மா, ரிட்டயர்ட் ஹெட்மிஸ்ட்ரஸ், நெற்றி நிறைய விபூதி, குரல் மட்டும் மைக் வேண்டாத குரல். நான் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, ஏம்மா, ரெண்டு கையேடு அவர் இருக்காருன்னு சொல்லுது, நீங்க ஒருத்தர் இல்லேங்கறீங்க, அதுல ஒரு கையேடு நீங்களே போட்டது, நான் எந்த லோகநாயகியை நம்பறது என்றார். போனை எடுத்துக் காட்டினார் பார், எனக்குத் தலை சுற்றிவிட்டது. வினா விடை போடுகிற வெப்சைட் நாலைந்தில் கோவேந்தன் இருக்கிறார். ஒன்றில் அவர் தஞ்சாவூர்ப் பக்கம் பிறந்தார் என்று வேறு போட்டிருக்கிறான். இன்னொன்றில் ஏதோ விருது வாங்கியிருக்கிறார். நாம் பெயர் மட்டும்தானே வைத்தோம், ஊரார் சேர்ந்து அவருக்கு ஜாதகமே எழுதிவிட்டார்கள். இருக்கிற ஒருத்தரை இருக்கிறார் என்று காட்டிவிடலாம், இல்லாத ஆளை இல்லை என்று நான் எதைக் கொண்டு காட்டுவது. யார் உண்டாக்கினாங்களோ அவங்க கையெழுத்து போட்டு எழுதிக் கொடுக்கட்டும், கமிட்டியில வைக்கிறேன், வெறும் வாய்ப்பேச்சை வச்சு இன்னொரு பிள்ளையோட வேலையில கை வைக்க மாட்டேன் என்றார். கோபமாக வந்தது, ஆனால் அந்த இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

பென்னிக்கும் போன் போட்டேன். எடுத்ததுமே, இன்னாக்கா, வக்கீல் நோட்டீஸா, உன் வூட்டுக்காரரு சொல்லிட்டாரு, நீ இன்னும் அனுப்பல என்று கிண்டல். அப்பா எப்போது இவனிடம் பேசினார் என்று எனக்குத் தெரியாது, இனிமேல்தான் கேட்க வேண்டும். நான் விஷயத்தைச் சொன்னதும் கிண்டலை விட்டுவிட்டான். அப்புறம், நான் காப்பி அடிச்சேன், ஒத்துக்கிறேன், ஆனா உன் புக்குல கீறது எல்லாம் கரீட்டா இருக்கும்னு நம்பித்தான்க்கா அடிச்சேன், வேற எவன் புக்கையும் நான் தொடல என்றான். திருடன் வாயிலிருந்து இப்படி ஒரு பாராட்டு வாங்கிக்கொண்டு நான் என்ன செய்வது சொல்லு. பிளாட்பாரத்தில் சாக்கு விரித்துப் பழைய வினாத்தாள் விற்ற காலத்திலிருந்து எனக்கு ஒரே முதல்தான், லோகு அக்கா கடையில் வாங்கினால் தப்பு இருக்காது என்கிற பேச்சு. அதை நானே கிழித்துப் போட்டிருக்கிறேன்.

போன வெள்ளிக்கிழமை பம்மலுக்கு நானே போனேன்.  ஜாஸ்மின் அட்டை ஒட்டிக்கொண்டிருந்தாள். சொன்னேன். நாவலும் இல்லை, ஆளும் இல்லை, நீ எழுதினதுதான் சரி என்றேன். முதலில் அவள் முகம் மலர்ந்தது, பார்க்க முடிந்தது, அப்போ நான் எழுதினது சரியா என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். அப்புறம்தான் மெதுவாக, அன்னிக்குக் கடையில நான் கேட்டப்போ உங்களுக்குத் தெரியுமா ஆன்ட்டி என்றாள். தெரியும் என்றேன். மார்க் போனது பரவாயில்ல, கேள்வி எடுத்தவங்களுக்குத் தெரியாது, நீங்க தெரிஞ்சே என்னைத் தேட அனுப்பினீங்க, நான் என்மேலயே சந்தேகப்பட்டேன், படிச்சது எல்லாம் வீண்னு நினைச்சேன் என்றாள். அழவில்லை. ஒட்டிக்கொண்டிருந்த அட்டை மேல் வெயிட்டை எடுத்து வைத்தாள். சவுரிமுத்து குறுக்கே வந்து, விடும்மா, அண்ணி நமக்கு எவ்ளோ செஞ்சிருக்காங்க என்றார். அது வேற, இது வேறப்பா என்று அவரையும் நிறுத்திவிட்டாள். அவள் சொன்னது நியாயம். நானாக இருந்தால் இன்னும் நாலு வார்த்தை கூடவே கேட்டிருப்பேன்.

இப்போது உன் வேலைக்கு வருகிறேன். வெள்ளைத் தாளில் உன் கையெழுத்தில், இன்ன வருஷம் இன்னார் வீட்டில் இந்த ஆசிரியரையும் நாவலையும் பாத்திரத்தையும் நான்தான் கற்பனையாக உண்டாக்கினேன், இவை நிஜத்தில் இல்லை என்று எழுதி, பாஸ்போர்ட் நகலோடு உடனே அனுப்பு. முதலில் படம் எடுத்து அப்பா போனுக்கு அனுப்பு, என் போனில் இடமில்லை. பூனை விஷயத்தையும் எழுது, வெட்கப்படாதே. அம்மா சொல்லித்தான் செய்தேன் என்று கட்டாயம் சேர், என்னைக் காப்பாற்றுகிறேன் என்று எதையும் மழுப்பாதே. மாப்பிள்ளையிடமும் சொல்லிவிடு, வேறு யாராவது சொல்லித் தெரிவதைவிட அது நல்லது. நீ சின்னப் பிள்ளை விளையாட்டாகச் சொன்னாய், அச்சில் ஏற்றினது நான், அதனால் இதை நினைத்து நீ தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே. அந்த ஊரில் வெயிலே இல்லை என்றாய், டாக்டர் சொன்ன மாத்திரையை விடாமல் போடு. வற்றலும் பருப்புப் பொடியும் அனுப்பியிருக்கிறேன், பார்சல்காரன் ஊறுகாயை எடுக்கமாட்டேன் என்றுவிட்டான். கடவுள் உங்கள் இரண்டு பேரையும் ஒரு குறையும் இல்லாமல் வைக்க வேண்டும், நீ நினைத்த வீடு அமைய வேண்டும், அடுத்த வருஷமாவது உன்னைக் கண்ணால் பார்க்க வேண்டும்.

பேசி முடித்தது என்னவென்று நீயும் தெரிந்துகொள். தாளாளர் கமிட்டியில் பேசிவிட்டார், உன் தாள் வந்ததும் பள்ளிக்கூடத்தில் அந்தக் கேள்வியை எல்லோருக்கும் நீக்கிவிடுவார்கள், ஜாஸ்மினும் அந்தப் பையனும் சமமாக நிற்பார்கள், இரண்டு பேரையும் மறுபடி கூப்பிட்டுப் பேசிப் பார்த்து எடுப்பார்கள், வேலை இவளுக்குத்தான் என்று தாளாளர் வாக்குக் கொடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. பென்னி அவன் கையேட்டில் அந்த வரியை அடித்துத் திருத்துகிறான், நான் நோட்டீஸ் அனுப்பவில்லை. சுந்தரராமன் சார் உள்பட யார் கையேட்டைத் திருப்பிக் கொடுத்தாலும் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொள்கிறேன். ஜாஸ்மின் கேட்டது இரண்டு. அடுத்த பதிப்பில் இலக்கியப் பகுதியில் ஒவ்வொரு நூலையும் அவள் கையில் எடுத்துப் பார்த்த பிறகுதான் வரி ஏறும், அதற்குப் பேசின கூலி, தெரிந்தவள் என்று குறைக்கக் கூடாது. குறுமணல் கோவேந்தன் என்று ஒரு எழுத்தாளர் இல்லை, இருப்பதாகச் சொன்னது பொய், சொன்னவள் லோகநாயகி என்று பெரிய எழுத்தில் எழுதின பலகை, புதுப் பதிப்பு வருகிற வரைக்கும், கடை வாசலில், உள்ளே இல்லை வாசலில். இரண்டுக்கும் சரி என்று சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
ஜீ. லோகநாயகி