சிங்கத்தின் கண் திறக்கும் கை

பாக்ஸ் ஹில், மெல்பர்ன்
6 ஜூலை 2019

அன்புள்ள கம் லான்,

நலம்தானே? உன் வீட்டுக்காரர் ஹோ மானின் இருமல் எப்படி இருக்கிறது? நீ அனுப்பிய அபலோன் சிப்பியைக் கஞ்சியில் போட்டுச் சாப்பிட்டேன். உப்பு கொஞ்சம் தூக்கல். குறை சொல்லவில்லை, தகவல் சொல்கிறேன்.

இந்தக் கடிதத்துக்காக நீலப் பேனா தேடி வீட்டையே புரட்டிப் போட்டுவிட்டேன். எங்கே கை வைத்தாலும் பிள்ளைகளின் நோட்டுத் திருத்தும் சிவப்புப் பேனாதான் வருகிறது. சிவப்பு மையில் ஒருவருக்குக் கடிதம் எழுதினால் அவரோடு உறவை அறுத்துக்கொண்டதாக அர்த்தம் என்று நம் அம்மாக்கள் பயமுறுத்தி வளர்த்தார்களே, அந்தப் பாவம் எனக்கு வேண்டாம். கையால் எழுதாவிட்டால் எழுத்தே மறந்துபோகும் என்று நாம் பேசிவைத்துக்கொண்டது உன் நல்ல காலம். போனாக இருந்தால் இந்நேரம் உன்னைத் திட்டித் தீர்த்திருப்பேன்.

எதற்கு என்று கேள். நம் சீன மொழிப் பள்ளிக்கு நாற்பது வயதாகிறது. செப்டம்பரில் விழா. சிங்க ஆட்டத்துக்கு ஃபோஷானிலிருந்து புதுச் சிங்க வேஷம் ஒன்று வந்து இறங்கியிருக்கிறது. தங்க நிற மயிர், பெரிய வாய், கொள்ளை அழகு. யாராவது தூரிகையால் கண்ணில் பொட்டு வைத்து உயிர் கொடுத்தால்தான் அது ஆடும். நாற்பது வருஷமாகச் சனிக்கிழமை தவறாமல் அந்தப் பிள்ளைகளோடு மல்லுக்கட்டுகிறவள் யார்? நான்தானே? தூரிகை என் கைக்குத்தான் வரும் என்று நினைத்துப் புதுச் சட்டை தைக்கக்கூடக் கொடுத்துவிட்டேன்.

பள்ளி முடிந்ததும் ரேமண்ட் செங் வந்தான். சொல்வதெழுதுதல் என்றாலே வயிற்றுவலி வந்துவிடுமே, அதே ரேமண்ட்தான். இப்போது கமிட்டித் தலைவர். தலையைச் சொறிந்துகொண்டே நின்றான்.

"டீச்சர், கண் தொறக்குறதுக்கு கம் லான் டீச்சரை வரச் சொல்லலாம்னு இருக்கோம்."

"அவ ஹோபார்ட்டுக்குப் போய் பதினோரு வருஷம் ஆச்சேடா!"

"அம்மாதான் சொன்னாங்க டீச்சர். நல்ல காரியம் பாருங்க. புருஷன், பையன், பொண்ணு, பேரன்னு நெறஞ்சு வாழுறவங்க கை பட்டா பள்ளிக்கு நல்லதாம். நீங்க தப்பா எடுத்துக்காதீங்க."

வேறு எப்படி எடுத்துக்கொள்வதாம்? என் புருஷன் போய்ச் சேர்ந்தபோது இந்த ரேமண்ட் பிறக்கவே இல்லை. அவன் விரலைப் பிடித்து அவன் பெயரை எழுத வைத்த கை இது. அந்தக் கை சிங்கத்தைத் தொட்டால் பள்ளிக்கு ஆகாதாம்.

எனக்குப் பொறாமை, கம் லான். மூடி மறைக்க என்ன இருக்கிறது? வயிறு எரிகிறது. நீ என்ன பதில் சொன்னாய் என்று உடனே எழுது.

யூக் சிம்


ஹோபார்ட்
20 ஜூலை 2019

அன்பு அக்காவுக்கு,

கடிதத்தைப் படித்துவிட்டுச் சிரித்தேன், பிறகு வருத்தப்பட்டேன். ரேமண்ட் கேட்டான், நான் சரி என்று சொல்லிவிட்டேன். உங்களைத்தான் கேட்டிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றாமல் போனது என் மடத்தனம். கோபப்படாதீர்கள்.

அவருக்கு இப்போது இருமல் இல்லை. அமைதியாக இருக்கிறார்.

உங்களுக்கு என்மேல் பொறாமையா? நன்றாக இருக்கிறது போங்கள். உங்களைப் பார்த்து நான் படுகிற பொறாமையை யாரிடம் சொல்வேன்? நீங்கள் காய்கறி வாங்கத் தெருவில் இறங்கினால் நாலு பேர் "டீச்சர், சாப்டாச்சா?" என்று கேட்கிறார்கள். எனக்கு இங்கே யார் இருக்கிறார்கள்? மகன் காலையில் போனால் பொழுது சாய்ந்துதான் வருகிறான். மருமகள் நல்லவள், பாஷைதான் தெரியாது. பேரனைச் சாப்பிடக் கூப்பிட்டால், "பாட்டி, இங்கிலீஷ்ல சொல்லு" என்கிறான். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சொல்லிக் கொடுத்துவிட்டு என் வீட்டில் ஊமையாக இருக்கிறேன், அக்கா.

ஒரே ஒரு நாள் அந்தக் கூட்டத்துக்கு நடுவில் நின்று, என் பாஷையில் காது கிழியச் சத்தம் கேட்க வேண்டும் என்று இருக்கிறது. அதற்காகத்தான் சரி என்றேன்.

உங்களுக்குச் சூப்பில் போடக் காய்ந்த ஆரஞ்சுத் தோல் வைத்திருக்கிறேன். நேரில் கொண்டு வருகிறேன்.

உங்கள் தங்கை
கம் லான்


பாக்ஸ் ஹில்
3 ஆகஸ்ட் 2019

கம் லான்,

ஆரஞ்சுத் தோலைத் தபாலில் அனுப்பினாலே போதும்.

பள்ளி தொடங்கிய முதல் நாள் எடுத்த படத்தை விழா மலருக்குத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அந்தத் தேவாலயக் கூடம் ஞாபகம் இருக்கிறதா? நாற்காலி எல்லாம் தூக்கிப் போட்டது நான். குளிரில் கதவோரம் நின்று பெற்றோரைக் கெஞ்சி உள்ளே அழைத்தது நான். நீ வயிற்றுப் பிள்ளைக்காரி, நடுவில் உட்கார்ந்து பெயர் எழுதிக்கொண்டிருந்தாய். படத்தில் நீயும் உன் வயிறும் நட்டநடுவில் இருக்கிறீர்கள். ஓரத்தில் ஒரு முழங்கை தெரிகிறது பார், அதுதான் நான்.

"இது யாரு டீச்சர் கை?" என்று ரேமண்ட் கேட்கிறான். என்னத்தைச் சொல்ல!

மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். உனக்குத்தான் எல்லாம் கிடைத்தது. புருஷன் கிடைத்தான், தங்கினான். பிள்ளைகள் கிடைத்தார்கள். எனக்குக் கிடைத்தது இந்தப் பள்ளி ஒன்றுதான். அதிலும் வந்து நடுவில் உட்கார வேண்டுமா? உன் முட்டி இருக்கிற லட்சணத்தில் விமானப் படி வேறு ஏற வேண்டும். உடம்பு சரியில்லை என்று ரேமண்டிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வீட்டிலேயே இரேன்.

எழுதி முடித்துப் படித்துப் பார்த்தேன். கொஞ்சம் காரமாகத்தான் இருக்கிறது. இருக்கட்டும்.

யூக் சிம்


ஹோபார்ட்
17 ஆகஸ்ட் 2019

அன்பு அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் யோசித்தேன். இனியும் மறைத்தால் நான் மனுஷியே இல்லை.

எந்தப் புருஷனை நினைத்து நீங்கள் பொறாமைப்படுகிறீர்களோ அந்த மனிதர் இப்போது இல்லை, அக்கா. மே மாதம் போய்விட்டார். நெஞ்சில் சளி கட்டி, ஆஸ்பத்திரியில் இரண்டாவது நாள். பிள்ளைகள் மட்டும் வந்தார்கள், காரியம் முடிந்துவிட்டது. அமைதியாக இருக்கிறார் என்று எழுதினேனே, அது பொய் இல்லை.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். சொன்னால் வருஷம் முழுக்க ஒரு நல்ல காரியத்துக்கும் யாரும் கூப்பிட மாட்டார்கள். அப்புறம் கூப்பிட்டாலும் ஓரமாகத்தான் உட்கார வைப்பார்கள். உங்கள் கூடப்பிறந்த தங்கையின் கல்யாணத்தில் உங்களைச் சமையலறைக் கதவுக்குப் பக்கத்து மேசையில் உட்கார வைத்தார்கள் என்று என் மடியில் படுத்து அழுதீர்களே. அது எனக்கும் வந்துவிட்டதே என்று பயந்துவிட்டேன். அந்த நேரம் பார்த்து ரேமண்ட் போன் செய்தான். "நீங்கதான் டீச்சர் நெறஞ்ச கை" என்றான். வாய் தானாகச் சரி என்றது. இன்னும் ஒரே ஒரு தடவை அப்படி நின்றுவிடலாமே என்று ஆசை.

என் பிள்ளைகளைத் தவிர இது உங்களுக்கு மட்டும்தான் தெரியும். வராதே என்று ஒரு வரி எழுதுங்கள், நான் வரவில்லை, மனஸ்தாபமும் இல்லை. வா என்று சொன்னால், தூரிகை என் கைக்கு வந்ததும் மேடையிலேயே உங்களைக் கூப்பிடுவேன். இரண்டு பேரும் சேர்ந்து பிடிப்போம். முதலில் வைக்கும் இடது கண் உங்களுக்கு. அத்தனை பேர் முன்னால் ரேமண்டின் அம்மா என்ன செய்துவிட முடியும்?

உங்கள் தங்கை
கம் லான்


பாக்ஸ் ஹில்
24 ஆகஸ்ட் 2019

என் கம் லான்,

ஐயோ, ஹோ மான் போய்விட்டாரா! எத்தனை தடவை எனக்கு மீன் சுத்தம் செய்து கொடுத்திருப்பார்! நேற்று அவருக்காக ஊதுவத்தி ஏற்றினேன். நீ மூன்று மாதமாக இதை மனதில் வைத்துக்கொண்டு எனக்குச் சிப்பி அனுப்பியிருக்கிறாய். உன்னை என்ன சொல்லித் திட்டுவது?

வா. தாராளமாக வா. நான் யாரிடமும் மூச்சு விட மாட்டேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. நான் ஒரு வார்த்தை மறைக்காமல் இத்தனை வருஷம் ஓரமாக உட்கார்ந்தேன். நீ மறைத்ததால் நடுவில் நிற்கப் போகிறாய். அங்கிருந்து நீ என்னைக் கைநீட்டிக் கூப்பிடுவாய். நான் போய் வாங்கிக்கொள்ள வேண்டும். இடது கண்ணை நீ எனக்குக் கொடுக்கிறாய். அது உனக்கு எப்போது சொந்தமாயிற்று?

சரி விடு. கிழவி புலம்பல். முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

யூக் சிம்


பாக்ஸ் ஹில்
15 செப்டம்பர் 2019

அன்புள்ள கம் லான்,

நேற்று விழா முடிந்தது. நீ வராதது பெரிய குறை. யாரோ ரேமண்டின் அம்மா காதில் விஷயத்தைப் போட்டுவிட்டார்களாம். ஊர் வாயை யார் மூட முடியும்?

நடந்த கூத்தைக் கேள். நீ இல்லை என்றதும் கமிட்டிக்கு வேர்த்துவிட்டது. தூரிகை என்னிடம் வரும் என்றுதான் நானும் நினைத்தேன். புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு மேடைப் படிக்குப் பக்கத்திலேயே நின்றேன். ரேமண்ட் என்னைத் தாண்டிப் போய் நம் வட்டார கவுன்சிலரை, அந்தத் தடித்த வெள்ளைக்காரரை, மேடைக்குக் கூட்டி வந்தான். மனிதர் மூன்று தடவை விவாகரத்து ஆனவர். அவரே மைக்கில் சொல்லிச் சிரித்தார்.

"இவருக்கு மட்டும் எல்லாம் நெறஞ்சிருக்கா?" என்று ரேமண்டின் அம்மாவிடம் கேட்டேன்.

"வெள்ளைக்காரங்களுக்கு அதெல்லாம் கணக்கில்லைம்மா, நீ சும்மா இரு" என்றாள்.

அந்த ஆள் தூரிகையைத் துடைப்பம் மாதிரி பிடித்துக்கொண்டு, முதல் பொட்டைச் சிங்கத்தின் மூக்கில் வைத்தார். கூட்டம் கைதட்டியது. கண்ணில் வழிந்த சாந்தோடு அது ஆடியது. பார்க்கச் சகிக்கவில்லை.

சாப்பாட்டுக்கு என்னை எங்கே உட்கார வைத்தார்கள் தெரியுமா? சமையலறைக் கதவுக்குப் பக்கத்து மேசையில். கதவு திறக்கும்போதெல்லாம் என் நாற்காலியில் இடித்தது. வறுத்த பன்றி வந்தபோது வாயில் வைக்கவே முடியவில்லை. பக்கத்தில் நீ இருந்திருந்தால் இரண்டு பேரும் சேர்ந்து எல்லோரையும் திட்டியிருக்கலாம்.

நீ ஏன் போனை எடுப்பதில்லை? உடனே எழுது. ஆரஞ்சுத் தோலும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், எழுது.

உன் அக்கா
யூக் சிம்


ஹோபார்ட்
28 செப்டம்பர் 2019

யூக் சிம் டீச்சருக்கு,

விழாவுக்கு முந்தின நாள் ரேமண்ட் போன் செய்தான். நான் முடியைச் சுருட்டிக்கொண்டு, பெட்டியைக் கட்டி வைத்துவிட்டு, வாசலில் டாக்ஸிக்காக உட்கார்ந்திருந்தேன்.

"டீச்சர், சார் மே மாசமே போயிட்டாராமே. நெஞ்சுல சளியாமே. சொல்லவே இல்லையே நீங்க. பரவாயில்ல, வீட்டுல ரெஸ்ட் எடுங்க" என்றான்.

மே மாதம் என்பதும் சளி என்பதும் மூன்று பேருக்குத்தான் தெரியும். என் மகனுக்கும் மகளுக்கும் ரேமண்ட் யாரென்றே தெரியாது.

வராதே என்று ஒரு வரி கேட்டேன். எழுதியிருந்தால் பெட்டியைப் பிரித்து வைத்திருப்பேன், அவ்வளவுதான். நீங்கள் வா என்று எழுதினீர்கள். உங்களை அந்தக் கதவோரத்தில் உட்கார வைத்தவர்கள் யாரோ அவர்களிடமே போய், என்னையும் உட்கார வைக்கச் சொல்லியிருக்கிறீர்கள். பொறாமை என்று நீங்கள் முதல் கடிதத்திலேயே எழுதினீர்கள். வாய்விட்டுச் சொல்கிறவர் மனதில் வைத்துக்கொள்ள மாட்டார் என்று நம்பிவிட்டேன்.

ஆரஞ்சுத் தோலை இத்துடன் அனுப்புகிறேன். உங்களுக்கென்று காய வைத்தது, இங்கே வேறு யாரும் சாப்பிட மாட்டார்கள்.

உறையைப் பிரித்ததுமே மையின் நிறத்தைப் பார்த்திருப்பீர்கள். பள்ளியை விட்டு வந்த நாளிலிருந்து என் வீட்டில் இந்த நிறப் பேனா கிடையாது. இதை எழுதுவதற்காகக் கடைக்குப் போய் வாங்கி வந்தேன்.

துங் கம் லான்