கட்டிலில் கட்டிய பூஜை மணி

அத்தை,

இன்று காலை துவாரகாவில் பால் காய்ச்சினோம். ஒருவழியாகச் சொந்த வீடு. நான்காவது மாடி, லிஃப்ட் இன்னும் ஓடவில்லை. மூச்சு வாங்க ஏறி வந்தவர்கள் எல்லாரும் சமையலறையை எட்டிப் பார்த்து 'அச்சா, அச்சா' என்று தலையாட்டிவிட்டுப் போனார்கள். கிட்வாய் நகர் கவர்ன்மென்ட் குவார்ட்டர்ஸிலிருந்து வந்த பெட்டிகளில் ஒன்றைப் பிரித்து, பழந்துணியில் சுற்றியிருந்த உங்கள் நந்தி மணியை எடுத்துச் சாமி அலமாரியில் வைத்தேன். புளி போட்டுத் தேய்க்கக்கூட நேரமில்லை. அதற்குள் உங்கள் மகள் பார்த்துவிட்டாள்.

"மதினி, இந்த மணியா? இது அந்த இடத்துல கிடந்ததுல்லா? புது வீட்டுல போயி... எடுத்து உள்ள வைங்க. வேற மணி நான் வாங்கித் தாரேன்."

அந்த இடம்! இத்தனை வருஷமாகியும் அவள் வாயில் அதற்குப் பெயர் வரவில்லை. இனிக் குணமாகாது என்று ஆஸ்பத்திரி கைவிட்டவர்களைக் கடைசிவரை வைத்துப் பார்த்துக்கொள்ளும் இல்லம் அது. சொந்தக்காரர்கள் கணக்கில், நான் மாமியாரை அங்கே கொண்டுபோய்த் தள்ளியவள். திருநெல்வேலியில் எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் எனக்கு முன்னால் இந்தப் பேச்சு போய் உட்கார்ந்திருக்கும்.

நான் உங்களைத் தள்ளவில்லை. நீங்கள் போனீர்கள். அது உங்களுக்கும் எனக்கும் தெரியும்.

பெரிய ஆஸ்பத்திரியில் "கர் லே ஜாயியே" என்று வீட்டுக்கு அனுப்பிய பிறகு நாம் பட்ட பாட்டை வந்து பார்த்தவர் யார்? புற்றுநோய் முதுகெலும்புக்குப் போயிருந்தது. குவார்ட்டர்ஸ் சுவர் மெல்லிசு. அடுத்த வீட்டுக்குக் கேட்டுவிடக் கூடாதென்று தலையணை உறையைக் கடித்துக்கொண்டு கிடப்பீர்கள். உறை கிழிந்துபோனால் உதட்டைக் கடிப்பீர்கள். காலையில் நான் ஈரத்துணியால் துடைக்கும்போது கீழுதட்டில் பல் பதிந்த இடமெல்லாம் ரத்தம் கட்டியிருக்கும். கடையில் கிடைத்த மாத்திரை எதற்கும் அந்த வலி அசையவில்லை. அசைக்கக்கூடிய மருந்து போதை வகையாம், அதன் பேரைச் சொன்னாலே கடைக்காரர்கள் என்னைத் திருடியைப் போலப் பார்த்தார்கள். அந்த மருந்தை வைத்திருக்க அனுமதி உள்ள இல்லம் ஒன்று இருக்கிறது என்று ஒரு சின்ன டாக்டர்தான் சொன்னார்.

உங்கள் பிள்ளை கையைப் பிசைந்தார். "அங்க கொண்டுபோய் விட்டா நாலு பேர் என்ன சொல்லுவாங்க?"

"அந்த நாலு பேர்ல ஒருத்தனுக்காவது என் இடுப்பு வலி தெரியுமால? சவத்தத் தள்ளு. ஏட்டி, நீ டாக்சியைக் கூப்பிடு" என்றீர்கள் என்னைப் பார்த்து.

அந்த இல்லத்தைக் குறை மட்டும் சொன்னால் நாக்கு அழுகிவிடும். தினமும் குளிப்பாட்டினார்கள். மணிக்கணக்கில் ஒரே பக்கமாகக் கிடக்க விடாமல் புரட்டிப் படுக்கவைத்தார்கள். பெரிய ஆஸ்பத்திரி தந்த முதுகுப் புண் அங்கேதான் ஆறியது. டாக்டரம்மா கட்டிலிலேயே உட்கார்ந்து உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு, நோயைத் தீர்க்க முடியாது, வலியைக் குறைக்க முடியும் என்று முகத்துக்கு நேராகச் சொன்னார். அதுவரை நாங்கள் எல்லாரும் உங்களிடம் 'அல்சர்' என்று புளுகிக்கொண்டிருந்தோம். மறுநாள் நான் வந்தபோது, "தூங்குனேன்ட்டி" என்றீர்கள். வராந்தாவில் போய் நின்று அழுதேன்.

ஆனால் அந்த மருந்து நேரந்தவறாமல் உள்ளே போக வேண்டும். வலி ஏறிவிட்டால் பிறகு இறக்குவது பெரும்பாடு. காலையில் ஒழுங்காகத் தந்தார்கள். மத்தியானம் டியூட்டி மாறும் நேரத்தில் ஹாலில் ஆளே இருக்காது. போகிறவர் வருகிறவரை நம்பிப் போவார், வருகிறவர் பஸ்ஸில் மாட்டிக்கொண்டிருப்பார். கட்டில் தலைமாட்டில் இருந்த அழைப்பு மணி செத்துக் கிடந்தது. ஒருநாள் ஆபீஸில் சொல்லிக்கொண்டு மத்தியானமே வந்தேன். சுருண்டு கிடந்தீர்கள். உதட்டில் மறுபடியும் பல் தடம். எனக்கு ரத்தம் கொதித்தது.

நேரே பொறுப்பாளர் அம்மாளின் அறைக்குப் போய்க் கேட்டேன். அவர் கோபப்படவில்லை, சிரித்தார். "பஹன்ஜி, யே சேவா ஹை, ஹோட்டல் நஹீ." சேவையாம், ஹோட்டல் இல்லையாம். சும்மா கொடுப்பதை வாங்கிக்கொண்டு கும்பிட வேண்டும், கேள்வி கேட்கக் கூடாது.

திரும்பி வந்து உங்களிடம் சொன்னேன். வலியிலும் உங்கள் மூக்கு விடைத்தது. "சும்மா குடுத்தா நேரந்தப்பிக் குடுக்கலாமாக்கும்? ஏட்டி, நாளைக்கு வரும்போது நம்ம சாமி மணியை எடுத்துட்டு வா."

"பூஜை மணியையா அத்தை?"

"சாமி வருதோ இல்லையோ, நர்ஸு வருவா."

கொண்டுவந்தேன். பழைய சேலைக் கரையைக் கிழித்துக் கட்டில் கம்பியில் கட்டினேன். அடித்தீர்கள். சமையற்கட்டு வரை கேட்டது. என்னமோ ஆரத்தி காட்டுகிறார்கள் என்று நினைத்து ஆயாம்மா கையைத் துடைத்துக்கொண்டே ஓடிவந்தாள். "தவாய்" என்றீர்கள் அவளிடம். உங்களுக்குத் தெரிந்த இந்தியில் மருந்துக்கான சொல் இருந்தது, அது போதுமாக இருந்தது. பக்கத்துக் கட்டில் பஞ்சாபி அம்மாவுக்குத் தொண்டையில் நோய், பேச முடியாது. அவருக்கும் சேர்த்து நீங்களே அடித்தீர்கள்.

சில நாளில் பொறுப்பாளர் மணியை அவிழ்த்துக்கொண்டு போய்விட்டார். மற்ற நோயாளிகளின் அமைதி கெடுகிறதாம். மறுநாள் அரைநாள் லீவு போட்டு வந்து உட்கார்ந்தேன். மருந்து நேரம் தாண்டியது, யாரும் வரவில்லை. நான் எழுந்தேன். "நீ இரு" என்று கையமர்த்தினீர்கள். எவர்சில்வர் டம்ளரை எடுத்தீர்கள், கட்டில் கம்பியில் தட்டத் தொடங்கினீர்கள். டங், டங், டங். பஞ்சாபி அம்மா உங்களை ஒரு பார்வை பார்த்தார். பிறகு தன் கரண்டியை எடுத்தார். அப்புறம் ஜன்னலோரக் கட்டில். அப்புறம் ஹால் முழுக்க. எழுந்து உட்கார முடியாத ஒருத்தி விரல் மோதிரத்தால் தட்டினாள். அடி ஆத்தி! சாகக் கிடக்கிறவர்கள் என்று ஊர் சொல்லும் அத்தனை பேரும் தட்டினார்கள்.

வாசலில் வந்து நின்ற பொறுப்பாளருக்கு முகம் வெளுத்துவிட்டது. அன்று சாயங்காலம் அவரே மணியைக் கொண்டுவந்து கட்டினார். அந்த வாரமே எலக்ட்ரீஷியன் வந்தார், ஒவ்வொரு கட்டிலிலும் அழைப்பு மணியை அமுக்கினால் சிவப்பு பல்பு எரிந்தது. அடுத்த ஆள் வந்து மருந்தைக் கொடுக்கும்வரை முதல் ஆள் இடத்தை விட்டு நகரக் கூடாது என்றும் ஆயிற்று. "கேக்கணும்லா? கேட்டாத்தான தெரியும்" என்றீர்கள், ஒன்றும் நடக்காததுபோல.

உங்கள் மகள் ஊரிலிருந்து வந்தது அதற்குப் பிறகு. ஹால் நடுவில் நின்று, "பெத்தவள இப்படி அநாதை மாதிரி போட்டுட்டாளே!" என்று மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். சிவப்பு பல்பு வந்த பிறகும் அவிழ்க்க விடாமல் வைத்திருந்தீர்களே, அந்த மணியை எடுத்து அடித்தீர்கள். சிஸ்டர் ஓடிவந்தார். "இஸ்கோ பாஹர் லே ஜாவ். பஹுத் ரோத்தி" என்றீர்கள், மகளைக் காட்டி. இவளை வெளியே கூட்டிப் போ, ரொம்ப அழுகிறாள் என்று. மருந்து இறங்கிய பிறகு அவளைக் கூப்பிட்டுத் தலையைத் தடவினீர்கள். "என்னை யாரும் கொண்டுவந்து போடல. நானாத்தான் வந்தேன். ஊர்ல எவ கேட்டாலும் அப்படியே சொல்லு" என்றீர்கள். அவள் அதை ஊரில் சொல்லவேயில்லை.

நீங்கள் போனது ஒரு மத்தியானம். மருந்து நேரத்துக்கு உள்ளே போயிருந்தது. தலைக்கு எண்ணெய் தொட்டு வாரிக்கொண்டிருந்தேன். "இறுக்காதட்டி, தளரப் போடு" என்றீர்கள். கண்ணை மூடினீர்கள். நான் பின்னி முடித்தபோது மூச்சு இல்லை. முதலில் உங்கள் உதட்டைத்தான் பார்த்தேன். ஒரு பல் தடம்கூட இல்லை.

இன்று காலை இதைத்தான் உங்கள் மகளிடம் கேட்டேன். "அம்மா உதட்டைப் பார்த்தியா நீ? வீட்டுல வச்சிருந்தப்போ பார்த்தியா, அங்க இருந்து எடுத்துட்டு வந்தப்போ பார்த்தியா?" நான் மணியை எடுத்து அடித்தேன், கீழ் மாடி வரைக்கும் கேட்கிற மாதிரி. அவள் கும்பிடவில்லை, உள்ளேயும் போகவில்லை. நின்றாள்.

என் மகளுக்குத் தமிழ் வாசிக்க வராது அத்தை, இந்த மடலை அவள் படிக்கப் போவதில்லை. அதனால் வாயாலேயே சொல்லிவிட்டேன். எனக்கும் அப்படி ஒரு காலம் வந்தால் வீட்டில் வைத்து அழ வேண்டாம், வலிக்கு மருந்து இருக்கிற இடத்துக்குக் கூட்டிப் போ, இந்த மணியைக் கட்டிலில் கட்டு என்றேன். "அச்சா மம்மி. யாராவது எடுத்துட்டா?" என்று கேட்டாள்.

பால் குடித்துவிட்டுக் கையில் வைத்திருந்த எவர்சில்வர் டம்ளரை அவளிடம் கொடுத்தேன்.