நான்காம் வயலுக்கு எட்டுக் கூடை கரி

செம்மண் நீள்காலச் சோதனை நிலையம்
பதிவர்: அமலோற்பவம்

2061 ஆடி 3, காலை 6.10
மண் ஈரம்: முதல் மூன்று வயல்களில் பத்தொன்பது சதவீதம், நான்காவதில் ஆறு. முதல் மூன்றுக்கும் முப்பது ஆண்டுக்கு முன் கரி போட்டார்கள். இன்னும் தண்ணீரைப் பிடித்து வைக்கின்றன. நான்காவது, ஒப்பிட்டுப் பார்க்க வெறுமனே விட்டுவைத்தது. இவ்வூர் விவசாயி செல்லக்கனியின் சொந்த நிலம். கருவிகள் சரியாக இயங்குகின்றன.

ஆடி 9, காலை 7.00
அவளுக்கு இரண்டு போகம் பொய்த்துவிட்டது. மூன்றாவதும் பொய்த்தால் தரிசுச் சட்டப்படி நிலம் அரசுக்குப் போய்விடும். வாக்கி டாக்கியில் கூப்பிட்டாள்: "மேடம், எனக்கும் நாலு கூட கரி போட்டா கொறஞ்சா போயிருவீங்க?"
தலைமையகத்தைக் கேட்டேன். பதில்: "ஒப்பீட்டு வயலில் எதுவும் சேர்க்கக் கூடாது. நன்றி."
இவர்கள் நன்றியை உடைப்பில் போட!

ஆடி 12, பகல் 12.20
காவல் ட்ரோன் மின்னேற்றத்தில் இருக்கும் நேரம். சூளையில் இன்றே சுட்ட கரி, எட்டுக் கூடை. இருவரும் சுமந்து கொட்டிக் கொத்திவிட்டோம். கேழ்வரகும் விதைத்தாயிற்று. இருபது வருடத்தில் இன்றுதான் வேலை பார்த்ததாகத் தோன்றியது.

ஆவணி 4, காலை 6.30
பயிர் மஞ்சளடிக்கிறது. தழைச்சத்து அநேகமாக இல்லை.
பழைய கோப்பை எடுத்தேன். முதல் பக்கத்திலேயே இருக்கிறது. புதுக் கரியைச் சாணக் கரைசலில் ஒரு மாதம் ஊறப்போட வேண்டும். இல்லாவிட்டால் மண்ணின் சத்தை அதுவே இழுத்துக்கொள்ளும். நான் வேலைக்கு வந்தபோது கரி ஏற்கெனவே மண்ணில் இருந்தது. எனக்கு அளக்கத்தான் தெரியும். படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்பார்கள். நான் வயலையே கெடுத்தேன்.
இப்போது கரைத்து ஊற்ற ஊரில் மாடு இல்லை. யூரியா கேட்டு மூன்று செய்தி அனுப்பினேன். பதில் இல்லை. போட்ட கரியைப் பொறுக்கி எடுக்கவும் முடியாது.

ஆவணி 19, மாலை 5.00
"பச்ச புடிச்சிருமா மேடம்? நீங்க சொன்னா நம்புறேன்."
வாக்கி டாக்கிப் பொத்தானை அழுத்தினேன். விட்டுவிட்டேன்.

ஐப்பசி 2
தலைமையகம்: "வயல் 4: விளைச்சல் இல்லை. கையகப்படுத்தப்பட்டது."
நிலமிழந்தவர்களை ஏற்றிப்போகும் முகாம் வண்டியில் ஏறும் முன் அவள்: "நீங்க ஒண்ணும் நெனச்சுக்காதீங்க மேடம். எனக்கு ராசியில்லாத மண்ணு."
ராசி இல்லாதவள் நான்தான். அதைக்கூடச் சொல்லவில்லை.

2064 தை 11
வயல் 4: ஈரம் பத்தொன்பது. அரசு இயந்திரம் விதைத்து அறுத்தது. ஏக்கருக்குப் பதினாறு மூட்டை. கரி மண்ணோடு பழக இரண்டரை வருடம்தான் ஆனது. அவளுக்குத்தான் அந்த இரண்டரை வருடம் இல்லாமல் போனது.
தலைமையகம்: "ஒப்பீட்டு வயல் கரியில்லாமலே தேறியுள்ளது. எனவே கரியால் பயனில்லை. சோதனை நிறைவு. நன்றி."

தை 12
இந்தப் பதிவைக் கண்டெடுப்பவருக்கு: அந்த முடிவு தவறு. ஆடி 12 பதிவைப் பாருங்கள். எட்டுக் கூடை. போட்டது நான். ஆறு முறை அனுப்பினேன், இணைப்பு துண்டிக்கப்பட்டிருக்கிறது. மின்சாரமும் எந்நேரமும் நின்றுவிடும். மற்ற ஊர்களில் கரியை நிறுத்தும் முன் யாராவது அவர்களிடம்