ரலீட்சா பெயரில் இன்னொருத்தி

என் அன்பானவளுக்கு,

இத்தாலியில் நீ கவனித்துக்கொள்ளும் அந்தப் பெரியவருக்கு இப்போது உடம்பு தேவலையா? இங்கே நம் விதின் ஊரில் மிளகாய் நாற்று நட்டுவிட்டேன்.

ஞாயிறன்று ரலீட்சா உன்னோடு போனில் பேசாததற்குத் தலைவலி என்றேன். அது உண்மையில்லை. யாரோ நம் மகளின் படத்தையும் பெயரையும் எடுத்து இணையத்தில் ஒரு கணக்கு தொடங்கியிருக்கிறார்கள். அதிலிருந்து அவள் வகுப்புத் தோழிகளிடம், "உன் போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும், சொல்லுடி" என்று கேட்க, இவள்தான் என்று நம்பி இரண்டு பேர் சொல்லிவிட்டார்கள். அவர்களுடைய கணக்குகளும் பறிபோயின. ஒரு வாரம் யாரும் இவள் பக்கத்தில் உட்காரவில்லை.

ஆசிரியை புகார் கொடுத்து அந்தக் கணக்கை மூட வைத்தார். தோழிகளும் இப்போது பேசுகிறார்கள். நானும் என் பங்குக்கு அவளை உட்காரவைத்துப் புத்தி சொன்னேன்.

"பிறந்த தேதி, பள்ளிக்கூடப் பேரெல்லாம் வெளியில போடக்கூடாதும்மா."

"நான் எங்கப்பா போட்டேன்? எல்லாம் நீங்க போட்டதுதானே?"

பிறந்தநாள் கேக், பள்ளி வாசல், எல்லாம் நீ பார்க்க வேண்டுமென்றுதான் போட்டேன்.

"சரி, எதை எடுக்கணும்னு நீயே சொல்லு" என்றேன். இருவரும் சேர்ந்து ஆறு வருடப் படங்களை அழித்தோம். நீ கிளம்பிய அன்று பேருந்து நிலையத்தில் எடுத்த படம் வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இதை அம்மாவுக்குத் தபால்ல அனுப்பலாம்ப்பா."

அதை அச்செடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். பின்பக்கம் உனக்கு ஏதோ எழுதியிருக்கிறாள். "நீங்க படிக்கக்கூடாது" என்றாள்.

நான் படிக்கவில்லை.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்